முட்டுக்கட்டை போடுகிறவர்கள்

போன வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் நடந்த பஞ்சாயத்துக்குப் பதில் இது. அங்கே எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

என் தங்கையின் பேத்திக்கு சென்னையில் ஐ.டி. வேலை கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். ஏ.ஐ., கிளவுட் என்று எதிர்பார்த்துப் போனவளை மெயின்ஃபிரேம் பராமரிப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். "தாத்தா, எனக்கு அம்பது வருஷத்துப் பழைய மெஷினைக் கொடுத்திருக்காங்க" என்று முதல் நாளே புலம்பினாள். நான்கு மாதம் கழித்து ஒரு ராத்திரி அழுதுகொண்டே போன் செய்தாள். ஒரு திருத்தத்தை சோதனை சிஸ்டத்தில் ஏற்றும்போது தவறு நடந்து, மறுநாள் காலை அரை நாள் ஒருவராலும் அதில் வேலை செய்ய முடியவில்லை. நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறாள். செய்தி குழுவுக்கு வந்ததும் சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரும் ஒரே குரலில் "ரிசைன் பண்ணிடு" என்றீர்கள். "ஓட்டை வண்டிக்கு ஒட்டுப் போடுற வேலை" என்றும் ஒருவர் எழுதினார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்.

எனக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. 1989இல் பிளஸ் டூ முடித்த என் மாணவன் ஒருவன் இருபத்தைந்து வருடமாக இதே வேலையில் இருக்கிறான். கிரிவலத்துக்கு வந்தவனைத் திண்ணையில் பிடித்து உட்காரவைத்தேன். பேத்தியும் லீவில் வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் அவன் நடத்திய பாடத்துக்கு நானும் ஒரு மாணவன்.

மெயின்ஃபிரேம் என்றால் பழைய இரும்பு என்று நினைக்காதீர்கள். உலகத்தின் பெரிய வங்கிகள் பலவற்றில் நாள் முடிவுக் கணக்கு இன்னும் அதில்தான் ஓடுகிறது. 1964இல் ஐபிஎம் கொண்டுவந்த சிஸ்டம் 360 வம்சம் அது. பெட்டி புதிதாகிக்கொண்டே இருக்கும், உள்ளே பழைய புரோகிராமும் ஓடும். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வருகிற திருத்தங்களுக்கு பி.டி.எஃப். என்று பெயர். நம் போனில் வருகிற அப்டேட் மாதிரி ஒரு பட்டனை அழுத்தித் தூங்கப் போய்விட முடியாது. எஸ்.எம்.பி.இ. என்று ஒரு கருவி. எந்த நூலகத்தில் எந்தப் பகுதி எந்தத் திருத்தத்தோடு இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கும். நம் வி.ஏ.ஓ. வைத்திருக்கும் சிட்டா அடங்கல் மாதிரி.

வேலை மூன்று படியாக நடக்கும். ரிசீவ் என்றால் திருத்தம் வந்து சேர்ந்தது, பதிவானது, அவ்வளவுதான். அப்ளை என்றால் ஓடப்போகிற நூலகங்களில் ஏற்றுவது. அக்செப்ட் என்றால் மூலப் பிரதியிலேயே சேர்த்துவிடுவது. அக்செப்ட் ஆகும்வரை ரெஸ்டோர் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம், ஏனென்றால் ரெஸ்டோர் அந்த மூலப் பிரதியிலிருந்துதான் எடுத்து வைக்கிறது. அவசரப்பட்டு அக்செப்ட் செய்தால் அந்த வழி அடைந்துவிடும். அதற்காக வருடக்கணக்கில் அக்செப்ட் செய்யாமல் விட்டால், ஒரு திருத்தத்தை எடுக்கப் போய் அதே பகுதியைத் தொட்ட மற்ற திருத்தங்களையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். எப்போது முடித்துவைப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு இது ரொம்பப் பிடித்தது.

அப்ளைக்கு முன் "அப்ளை செக்" என்று ஒன்று. எதையும் மாற்றாமல், ஏற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் "வெள்ளோட்டம்" என்றேன். நம் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவேண்டுமா? பெரிய தேரைச் சீரமைத்துவிட்டு 2024 தீபத்துக்கு முன் மாட வீதியில் வெள்ளோட்டம் விட்டார்களே, சாமி இல்லாமல். என் மாணவன் அதோடு நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்கில் கை வைக்கமாட்டார்களாம். அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலில் திருத்தத்தை ஏற்றி, ஒரு ஞாயிறு அதிகாலையில் அதிலிருந்து சிஸ்டத்தைத் துவக்குவார்களாம். அதற்குப் பெயர் ஐ.பி.எல். (கிரிக்கெட் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.) பாலாலயம் மாதிரி என்று நான் சொன்னதற்கு, "கொஞ்சம் தலைகீழ் சார். கோயில்ல சாமி இடம் மாறும், மூலஸ்தானத்துல வேலை நடக்கும். எங்களுக்கு சாமி அங்கேயே இருக்கும், வேலை வேற இடத்துல நடக்கும், அப்புறம்தான் சாமி மாறும்" என்று திருத்தினான். என்னையே திருத்துகிற மாணவன். சந்தோஷமாக இருந்தது.

இப்போது பேத்தியின் தவறுக்கு வருகிறேன். திருத்தங்களோடு ஹோல்டு என்று ஒரு தகவல் வரும். இந்தத் திருத்தத்திலேயே பிழை இருக்கிறது, ஏற்றாதே என்று ஒரு வகை. ஏற்றலாம், ஆனால் கூடவே கையால் இன்னொரு வேலை செய்ய வேண்டும் என்று இன்னொரு வகை. அதைப் படித்து, செய்து, பிறகு "பைபாஸ்" என்று எழுதினால்தான் அப்ளை நகரும். படிக்காமலே பைபாஸ் எழுதினாலும் நகரும். பேத்தி செய்தது அதுதான். முந்தைய ஆள் விட்டுப்போன ஜாபை அப்படியே காப்பி எடுத்திருக்கிறாள், அதில் எல்லா ஹோல்டுக்கும் சேர்த்து ஒரே வரியில் பைபாஸ் இருந்திருக்கிறது.

முட்டுக்கட்டை என்றால் நாம் திட்டுகிற வார்த்தையாக வைத்திருக்கிறோம். தேர்த் திருவிழாவில் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து ஓடி முட்டுக்கட்டை போடுகிறவரைப் பாருங்கள். அவர் இல்லாவிட்டால் தேர் கடைக்குள் போய் நிற்கும். இந்த ஹோல்டும் அதுதான். அதைத் தூக்கிப் போட்டது அவள் தவறு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜாபை அவள் கையில் கொடுத்தவர் யார்? ஆறு வாரம் ஸ்லைடு காட்டிவிட்டு ஒரு பெரியவர்கூடப் பக்கத்தில் உட்காராமல் விட்டது யார்?

பெரிய ஆட்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 2012 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் ஆர்.பி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மறுநாள் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. செவ்வாய் இரவு புதியதை எடுத்துவிட்டுப் பழையதற்குத் திரும்பினார்கள். பழையதும் புதியதும் ஒத்துப்போகவில்லை, வேலைகள் முடங்கின. 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அல்ஸ்டர் வங்கியில் ஜூலை வரை இழுத்தது. 2014இல் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு. ஏற்றியதைவிட இறக்கியதுதான் பெரிய அடி. பின்வாங்குவதும் ஒரு மாற்றம்தான், அதற்கும் வெள்ளோட்டம் வேண்டும் என்பதை யாரும் சரியாக யோசிக்கவில்லை.

பராமரிப்பு மட்டமான வேலை என்கிறவர்களுக்கு இன்னொன்று. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. நாடு முழுக்க 800க்கும் மேற்பட்ட இடங்களில் அவர்களுடைய கணினிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மத்திய அரசின் சி.எம்.சி.க்கு வந்தது. அதன் முழுப்பெயர் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பெயரிலேயே பராமரிப்பு! அடுத்தவன் செய்த மெஷினைப் பிரித்துப் பார்த்துப் பழகிய அதே நிறுவனம்தான் எண்பதுகளின் நடுவில் டெல்லியில் ரயில்வேயின் கணினி முன்பதிவை உருவாக்கியது. அதற்கு முன் ஸ்டேஷனில் விடிகாலை வரிசையில் நின்ற நமக்கு அதன் அருமை தெரியும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஒரு வருடம் பத்துக் கம்ப்யூட்டர் வந்தது. மாலை போட்டுத் திறந்துவைத்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கப் பணமும் இல்லை. மூன்றாம் வருடம் அவற்றின் மேல் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம், நானும்தான். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் பராமரிப்புக்கு வருவதில்லை.

அவளுடைய கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி வேலை, சரியாக நடந்தால் ஒருவருக்கும் தெரியாது, தவறினால் எல்லோருக்கும் தெரியும். சம்பள உயர்வு நேரத்தில் "என்ன புதுசா செஞ்சே?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. வேறு வேலை பிடித்துப் போனால் போகட்டும். ஆனால் ஒரு தவறு செய்த வாரத்தில், அதுவும் நாம் துரத்தி, போகக்கூடாது.

என் மாணவர்களில் பலர் இப்போது மேனேஜர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் குழுவில் புதிதாக வந்த பிள்ளை உடைத்துப் பழக ஒரு சிஸ்டம் தனியாக வைத்திருக்கிறீர்களா? சோதனை சிஸ்டம் என்று சொல்லாதீர்கள், அதில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வேண்டுமென்றே ஒரு கெட்ட திருத்தத்தை ஏற்றி, ரெஸ்டோர் செய்து, மறுபடி ஏற்ற ஓரிடம். கரும்பலகையில் தப்பாகப் போட்டு அழிக்க விடாமல் நான் உங்களில் ஒருவருக்காவது கணக்குச் சொல்லிக் கொடுத்தேனா? உங்களுக்குத் தெரிந்ததை எழுதியாவது வையுங்கள். என் மாணவனுக்கு இன்னும் ஐந்தாறு வருடம்தான் சர்வீஸ். "எனக்கு அப்புறம் யாரு சார்?" என்று அவன்தான் கேட்டான்.

அன்று திண்ணையில் அவன் அவளுடைய அந்த ஜாபை வாங்கிப் பார்த்தான். திட்டவில்லை. பைபாஸ் வரியை அடித்துவிட்டு, "ஒவ்வொரு ஹோல்டையும் படிச்சு ஒரு நோட்டுல எழுது, செஞ்சதுக்கு டிக் போடு, அப்புறம் இந்த வரியை நீயே எழுது" என்றான். வீட்டில் கிடந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். மூன்று பக்கம் நிறைந்துவிட்டதாக நேற்று போட்டோ அனுப்பினாள். கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கிறது, அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி அவளுடைய முறை. "ரிசைன் பண்ணிடு" என்று எழுதிய சொந்தங்கள் அன்று ராத்திரி தயவுசெய்து அவளுக்குப் போன் செய்யாதீர்கள். நான் விழித்துத்தான் இருப்பேன், ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எனக்குச் செய்யுங்கள்.