சங்கக்கடைக்கு வரலாறு இல்லையா?

கொழும்பு யோர்க் வீதியில் 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கார்கில்ஸ் மாளிகையின் வரலாறு பலராலும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. 1844இல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் பிறந்த ஆண்டைப் பெயருடன் சேர்த்தே விளம்பரம் செய்கின்றது. அதில் தவறேதுமில்லை. அதே நிறுவனத்தின் கிளையொன்று போருக்குப் பின் கிளிநொச்சிக்கும் வந்தது. அதுவும் தவறன்று. ஆனால், குளிரூட்டப்பட்ட பல்பொருள் அங்காடி வந்த பின்னரே வன்னி மக்கள் ஒழுங்கான கடையொன்றைக் கண்டார்கள் என்ற தொனியில் எம்மவர் சிலர் எழுதி வருவதையே நான் மறுக்கின்றேன்.

வன்னியில் ஒரே கூரையின் கீழ் அரிசியும் சீனியும் புடவையும் மண்ணெண்ணெயும் விற்ற கடை முன்பே இருந்தது. அதற்குச் சங்கக்கடை என்று பெயர். இலங்கையில் கூட்டுறவுக்கான முதற் சட்டம் 1911இல் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பங்கீடு கூட்டுறவுப் பண்டகசாலைகளை ஊரெங்கும் பரப்பியது. 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தனா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத் திட்டத்தைக் கொண்டுவந்தார். இரணைமடுத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய விவசாயி, கூப்பன் அரிசியை வாங்கியதும் உரத்தை வாங்கியதும் நெல்லை விற்றதும் இச்சங்கத்தின் ஊடாகவே. பங்குப்பணம் கட்டியவர் அங்கே வாடிக்கையாளர் மட்டுமல்லர், உரிமையாளரும் ஆவார். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே அதன் விதி.

“சங்கங்கள் ஊழலால் அழிந்தன” என்று உடனே ஒரு பதில் வரும். அரசியல்வாதிகள் தம் ஆட்களை நெறியாளர் சபைகளில் அமர்த்தியதும், இருப்புக் குறைவும், கணக்குக் குளறுபடிகளும் உண்மையே. 1977இன் திறந்த பொருளாதாரமும், 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக வந்த உணவு முத்திரையும் சங்கங்களின் முதுகெலும்பை வளைத்தன என்பதும் உண்மையே. ஆனால் இவை தெற்கிலுள்ள சங்கங்களுக்கும் நேர்ந்தவை. வன்னிச் சங்கங்களுக்கு நேர்ந்தது வேறு.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்கலம், சீமெந்து, உரம், எரிபொருள் ஆகியன எண்ணி அளந்தே அனுமதிக்கப்பட்டன, அல்லது முற்றாக மறுக்கப்பட்டன. 1996இல் ‘சத்ஜெய’ படை நடவடிக்கையில் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. 1998இல் நகரம் மீண்டும் கைமாறியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி படையினர் நுழைந்தபோது அங்கே மக்கள் இருக்கவில்லை. இத்தனைக்கும் நடுவே அரசின் உலர் உணவு நிவாரணத்தை அட்டைக்கு அட்டை நிறுத்துக் கொடுத்தவை இந்தச் சங்கங்களே. இடம்பெயர்ந்த மக்களின் பின்னால் தராசையும் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு போன கடையை வேறெங்கும் கண்டதுண்டா? அந்தக் காலத்தில் இலாபம் தேடும் எந்த நிறுவனம் அங்கே கிளை திறந்தது?

போர் முடிந்த பின் ஏ-9 வீதி அகன்றது. வீழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிப்பொருளாக்கி, அருகே நினைவுப்பொருட் கடையும் திறந்தார்கள். வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் வரிசையாக வந்தன. கூடவே நுண்கடனும் வந்தது. கணவனை இழந்த பெண்கள் வாரத் தவணைக்காக இன்னொரு கடன் வாங்கும் நிலை எவ்வளவு முற்றியதென்றால், 2018இல் அரசே வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. இத்தனை பணம் புழங்கிய நகரத்தில், 2016 செப்டம்பரில் பொதுச்சந்தை பற்றியெரிந்தபோது அணைக்க ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. சிறு வியாபாரிகளின் முதல் சாம்பலானது. அபிவிருத்தி யாருக்காக என்ற கேள்விக்கு அந்தச் சாம்பலே போதுமான விடை.

பல்பொருள் அங்காடியைப் பூட்டவேண்டும் என்று நான் கூறவில்லை. அங்கே நமது பிள்ளைகள் வேலை செய்கின்றனர். ஆனால் அங்காடியின் இலாபம் கொழும்புக்குப் போகும். சங்கத்தின் மிச்சம், நிர்வாகம் நேர்மையாக இருந்தால், ஊரிலேயே தங்கும். போரில் அழிந்த சங்கக் கட்டடங்களுக்கும் இருப்புகளுக்கும் அரசு உரிய இழப்பீடு வழங்க வேண்டும். சங்கங்களும் கட்சிக்காரரின் பிடியிலிருந்து விடுபட்டு, கணக்கை உறுப்பினர் முன் ஆண்டுதோறும் விரிக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது பயன் தராது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இதை வாசிக்கும் உங்களில் பலர் கூப்பன் அட்டையுடன் சங்கக்கடை வரிசையில் நின்றவர்கள். சிலர் அங்கே முகாமையாளராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள். நீங்கள் உயிரோடிருக்கும்போதே உங்கள் கிளையின் கதையை எழுதுங்கள். தாமே கடை நடத்திய மக்கள் என்பதை மறந்துவிட்டால், நாளைய தலைமுறை தன்னை என்றென்றும் வாங்குபவராகவும் கடன்படுபவராகவும் மட்டுமே எண்ணிக்கொள்ளும்.