கொரிய மொழிப் பரீட்சைக்குத் தமிழ்வழி

கொரியாவுக்கு வேலைக்குப் போக விரும்பும் இலங்கை இளைஞர் ஒருவர் முதலில் எழுத வேண்டியது ஈபிஎஸ்-டோபிக் என்னும் கொரிய மொழிப் பரீட்சை. தென்கொரியப் பாராளுமன்றம் 2003இல் இயற்றிய வெளிநாட்டுத் தொழிலாளர் வேலைவாய்ப்புச் சட்டம் 2004 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆள் கிடைக்காமல் திணறும் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு இரு நாட்டு அரசுகளும் நேரடியாகப் பேசி ஆள் அனுப்பும் ஏற்பாடு அது. தனியார் முகவருக்கு அதில் இடமில்லை. அந்த ஆண்டே ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொரியத் தரப்பில் அந்நாட்டு மனிதவள மேம்பாட்டு நிறுவனமும், இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இதைக் கவனிக்கின்றன. 18 முதல் 39 வயது வரை எழுதலாம். பாடசாலைச் சான்றிதழ் எதையும் கொரிய விதிகள் கேட்பதில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

டோபிக் என்ற பெயரில் வேறொரு பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்காக 1997 முதல் நடந்துவரும் அதில் ஆறு நிலைகள். முதல் இரண்டு நிலைகளுக்கான தாளில் 200க்கு 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. மேல் நிலைகளில் கட்டுரையும் எழுத வேண்டும். வேலைக்கான ஈபிஎஸ்-டோபிக்கில் எழுத்துப் பயிற்சி சோதிக்கப்படுவதில்லை. வாசித்தலில் 20 வினா, கேட்டலில் 20 வினா, எல்லாவற்றுக்கும் 50 நிமிடம், மொத்தம் 200 புள்ளி. நான்கு விடைகளில் ஒன்றைத் திரையில் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தேர்ச்சிப் புள்ளியை எட்டினால் மட்டும் போதாது. அந்தச் சுற்றுக்கு எத்தனை பேர் தேவையோ, மேலிருந்து அத்தனை பேரையே எடுப்பார்கள். அடுத்து உடற்பலம், தொழில்திறன், நிறக்குருடு ஆகியவற்றுக்கான சோதனைகள்.

வினாக்கள் பெரும்பாலும் வேலைத்தளத்தைச் சுற்றியே வரும். தலைக்கவசப் படம் ஒன்றைக் காட்டி அதன் கொரியப் பெயரைக் கேட்பார்கள். ‘உள்ளே வரக்கூடாது’, ‘தீப்பற்றும் பொருள்’ என்ற பலகைகளுக்குப் பொருள் கேட்பார்கள். சம்பளச் சீட்டில் மேலதிக வேலைக்கான தொகை எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்டல் பகுதியில் ஒரு குரல் ‘சே ஷி ஷிபோ புன்’ என்று நேரம் சொல்லும்; மூன்று கடிகாரங்களைத் தள்ளிவிட்டு மூன்றேகாலைக் காட்டும் கடிகாரத்தைத் தொட வேண்டும். இதில் தடுக்கி விழுகிறவர்கள் பலர். கொரிய மொழியில் எண்ணுக்கு இரண்டு வரிசை. மணியைச் சொல்லச் சொந்த எண், நிமிடத்தைச் சொல்லச் சீனத்திலிருந்து வந்த எண். ஒரே நேரத்தைச் சொல்வதற்கு இரண்டும் வேண்டும். மனப்பாடம் செய்த பட்டியல் இங்கே உதவாது, காது பழக வேண்டும்.

தமிழ் பேசுகிறவருக்கு இந்த மொழி எவ்வளவு தூரம்? 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற முடிவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. குடும்ப உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவருக்குப் பயன்படுவது வாக்கியத்தின் அமைப்பு. ‘ஜொனுன் கொங்ஜாங்எசொ இருல் ஹம்னிதா’ என்ற கொரிய வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தால் ‘நான் தொழிற்சாலையில் வேலையைச் செய்கிறேன்’ என்று தமிழ் வாக்கியமே வந்துவிடும். வரிசை மாறவில்லை. ‘எசொ’ இருக்கும் இடத்தில் ‘இல்’ இருக்கிறது, ‘உல்’ இருக்கும் இடத்தில் ‘ஐ’ இருக்கிறது. வினைமுற்று கடைசியில் வருகிறது, மரியாதையையும் அந்த வினைமுற்றே சுமக்கிறது. ‘வா’, ‘வாங்க’ என்று ஆள் பார்த்துப் பேசிப் பழகிய நாவுக்குக் கொரிய மரியாதை வடிவங்கள் புரியாத புதிராக இருக்காது. சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும் என்பதால் இந்த வசதியில் ஒரு பங்கு சிங்கள மாணவருக்கும் உண்டு.

ஒலியில்தான் தமிழருக்குத் தனியான வாய்ப்பு இருக்கிறது. 1446இல் மன்னர் செஜோங் அறிவித்த ஹங்குல் எழுத்தில் இன்று 14 மெய், 10 உயிர். ‘கடை’யில் வரும் ககரமும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமும் வேறு வேறாக ஒலித்தாலும் தமிழில் எழுத்து ஒன்றுதான். கொரிய ககரமும் அப்படியே: சொல்லின் முதலில் வன்மையாகவும், இடையில் மென்மையாகவும் ஒலிக்கும், எழுத்து மாறாது. இந்த வழக்கத்தை ஆங்கிலம் வழியாகக் கற்பவருக்கு விதியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளை அதை ஏற்கனவே வாயில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் ஓர் உயிரொலி, ‘பாக்கு’, ‘காது’ என்ற சொற்களின் முடிவில் இதழ் குவியாமல் வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது. ‘ஹப்னிதா’ என்று எழுதி ‘ஹம்னிதா’ என்று படிப்பதும், கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதைப் படித்தவருக்கு வியப்பாக இருக்காது.

கஷ்டமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தமிழ்க் காதுக்குத் ‘தல்’ என்றே கேட்கும் மூன்று சொற்கள் கொரிய மொழியில் இருக்கின்றன. ஒன்று நிலா, ஒன்று மகள், ஒன்று முகமூடி. மூச்சு விட்டுச் சொல்வது, இறுக்கிச் சொல்வது, சாதாரணமாகச் சொல்வது என்ற மூன்று வேறுபாடு அங்கே எழுத்திலேயே இருக்கிறது. சொல்லின் முதலில் அதைப் பிரித்துக் கேட்கத் தமிழ் நம்மைப் பழக்கவில்லை. அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே ஓர் உயிரும் உண்டு. கேட்டல் பகுதியில் புள்ளி கரைவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். எது தானாக வரும், எதற்குப் பாடுபட வேண்டும் என்பதைத் தமிழ் அறிந்த ஆசிரியர் முதல் வாரத்திலேயே பிரித்துச் சொல்லிவிடலாம்.

அந்த ஆசிரியர் ஊவா மாகாணத்தில் கிடைப்பதுதான் அரிது. கொழும்பிலிருந்து வெல்லவாய போகும் வீதியில், அப்புத்தளைப் பக்கம் பாதை பிரியும் சந்தி பெரகல. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், ஒரு பக்கம் கொஸ்லந்தை, மறுபக்கம் அப்புத்தளை, அதற்கு மேலே தம்பேதன்னை. இந்த லயங்களிலிருந்து கொரிய வகுப்புக்குப் போக வேண்டுமானால் வார இறுதியில் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே நடக்கும் வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில். கொரிய நிறுவனம் வெளியிட்ட 60 பாடங்கள் கொண்ட தரப் பாடநூலின் இலங்கைப் பதிப்பிலும் பொருள் விளக்கம் சிங்களத்திலேயே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள். சந்தியில், கடையில், பஸ்ஸில் அது போதும். ஆனால் பேச்சுச் சிங்களம் வேறு, அச்சில் வரும் சிங்களம் வேறு. இலக்கண விளக்கத்தை அச்சுச் சிங்களத்தில் படித்து, அதைத் தமிழில் மனதுக்குள் திருப்பி, பிறகு கொரிய மொழிக்குப் போவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். மேலிருந்து கீழாக ஆள் எடுக்கும் பரீட்சையில் இந்தத் தாமதத்தின் விலை மிக அதிகம்.

பரீட்சைத் தாளில் பாரபட்சம் இல்லை. வினாவும் விடையும் கொரிய மொழியில் இருப்பதால் சிங்களவருக்கும் தமிழருக்கும் அது ஒன்றுதான். பாரபட்சம் தாளுக்கு முன்னால் இருக்கும் வழியில் இருக்கிறது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அப்படியிருக்க, அரசே முன்னின்று நடத்தும் வெளிநாட்டு வேலைத் திட்டம் ஒன்றுக்கான பயிற்சி தமிழில் கிடைப்பது சலுகையாகக் கேட்டுப் பெற வேண்டியது அல்ல, உரிமையாக வர வேண்டியது.

மலையக மக்களின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இதன் கனம் இன்னும் தெரியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டார்கள். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003 ஒக்டோபரில். கொரியா தன் சட்டத்தை இயற்றியதும் அதே ஆண்டில்தான். தாத்தாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்க நாடே இல்லாதிருந்த குடும்பத்தில், பேரன் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறான். இன்றும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டலும் இருந்து, அதைத் திருத்துவதற்குள் பதிவு நாள் கடந்துபோவது தோட்டங்களில் சாதாரணம். பெயரைப் பதிந்த எழுத்தருக்குத் தமிழ் தெரியாததே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

சம்பளக் கணக்கு எல்லோரும் அறிந்ததே. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கொழுந்து நிறைந்து 25 நாளும் முழுப் பேர் விழுந்தால் 33,750 ரூபாய். கொரியாவில் 2025இல் ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி 10,030 வொன், மாதத்துக்கு 20,96,270 வொன். இலங்கைக் காசில் நாலு லட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் இந்தக் கூலிச் சட்டம் ஒன்றே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள். அந்த ஆண்டுகளில் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைக் கொரிய வகுப்புக்கு அனுப்பிய குடும்பங்கள் மலைநாட்டிலும் உண்டு.

அந்தக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று: பரீட்சையில் தேறுவது வேலை கிடைப்பதாகாது. தேறியவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். கொரிய முதலாளி அந்தப் பட்டியலிலிருந்து ஆளைத் தெரிவு செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் யாரும் தெரிவு செய்யாவிட்டால் புள்ளி காலாவதியாகும், மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டும். முதலாளிகள் பெரும்பாலும் ஆண்களையே கேட்கிறார்கள். பெண்களும் எழுதலாம் என்று விதியில் இருந்தாலும் அவர்களின் காத்திருப்பு நீளும். ஆண்டுக்கு ஆண்டு கொரியா ஒதுக்கும் இடங்களும் ஏறி இறங்கும். எல்லா நாடுகளுக்கும் சேர்த்து 2024இல் 1,65,000 ஆக இருந்தது 2025இல் 1,30,000 ஆகக் குறைந்தது. ‘பாஸாகிவிட்டால் மூன்று மாதத்தில் விமானம்’ என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது பொய்.

போய்ச் சேர்ந்த பிறகு மொழி வேறொரு பொருளில் தேவைப்படுகிறது. 2024 ஜூன் 24 அன்று ஹ்வாசொங் நகரில் மின்கலத் தொழிற்சாலை ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் வெளிநாட்டவர். பரீட்சையில் ஒரு புள்ளிக்காகப் படிக்கும் ‘அவசர வெளியேறும் வழி’ என்ற சொல்லை அங்கே உயிருக்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில், நாஜு பகுதியில் உள்ள செங்கல் தொழிற்சாலையொன்றில் இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கல்லோடு சேர்த்துக் கட்டி ஃபோர்க்லிஃப்டில் தூக்கிய காணொளி வெளியானது. ஜனாதிபதி லீ ஜே-மியுங் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தத் திட்டத்தின் விசாவில் போனவர் நினைத்தபடி வேலை மாற முடியாது. முதல் மூன்று ஆண்டில் மூன்று முறைதான், அதுவும் முதலாளி விட்டால் அல்லது சட்டம் ஒப்பும் காரணம் இருந்தால். அந்தக் காரணத்தைத் தொழில் அலுவலகத்தில் எடுத்துச் சொல்ல வாய் வேண்டும். நாற்பது வினாவுக்கு விடை தொடத் தெரிந்தவர் எல்லோருக்கும் அந்த வாய் இருக்காது. பரீட்சையின் பெரிய குறை இதுதான்: பேச்சை அது சோதிப்பதேயில்லை, அதனால் வகுப்புகளும் பேசக் கற்றுக்கொடுப்பதில்லை.

பேசக் கற்றவருக்குக் கொரியாவில் அடுத்த படியும் உண்டு. சாதாரணமாக மூன்று ஆண்டு, நீட்டித்தால் 4 ஆண்டு 10 மாதம் வேலை செய்யலாம். அதன் பிறகு திறன் பெற்ற தொழிலாளருக்கான ஈ-7-4 விசாவுக்கு மாறலாம், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். 2023இல் அதற்கான இடங்களை 2,000இலிருந்து 35,000 ஆகக் கொரியா உயர்த்தியது. அந்தப் புள்ளிக் கணக்கில் மொழிக்கென்று தனி இடம் இருக்கிறது. வேலைக்கான பரீட்சை அங்கே செல்லாது, ஆறு நிலை டோபிக்கில் குறைந்தது இரண்டாம் நிலையோ அதற்கு ஈடான படிப்போ வேண்டும்.

ஊவாவில் செய்ய வேண்டியவை பெரும் பணம் கேட்பவை அல்ல. 60 பாடங்களுக்கும் தமிழில் சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் எழுதி வேலைவாய்ப்புப் பணியகம் அச்சிட வேண்டும். கேட்டல் பயிற்சி ஒலிப்பதிவுகளைத் தமிழ் விளக்கத்தோடு தொலைபேசியில் கேட்கும்படி கொடுக்கலாம். பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ ஒரு தமிழ்ப் பாடசாலையின் இரு வகுப்பறைகளை வார இறுதியில் திறந்துவிட்டால் பெரகலப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். பதுளையில் 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை வகுத்துத் தரலாம். ஆசிரியர்களையும் தூரத்தில் தேட வேண்டியதில்லை. ஐந்தாண்டு வேலை செய்து திரும்பிய தமிழ் இளைஞர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் அவசரத்தில் கத்தும் கொரிய மொழி எப்படி இருக்கும், சம்பளம் குறைந்தால் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து அடுத்த பரீட்சைச் சுற்றுக்கு முன் இரண்டு வகுப்புகளைத் தொடங்குவது மாகாண சபை அளவிலேயே முடியக்கூடிய காரியம்.