வயிற்றுக்குள் துண்டு!

அமெரிக்கச் சிப்பாய் ஒருவருக்கு ராணுவ டாக்டர் வயிற்றில் ஆபரேஷன் செய்தார். சுமார் 8 மாதம் கழிந்தது. அதற்குள் அவர் ராணுவத்தை விட்டு வந்துவிட்டார். மறுபடியும் ஆபரேஷன். வயிற்றில் இருந்து வெளியே வந்தது ஒரு துண்டு! 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம். "அமெரிக்க ராணுவ மருத்துவ இலாகா" என்று அதில் அச்சிட்டிருந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அரசு ஊழியரின் கவனக்குறைவுக்காக சர்க்கார் மீது வழக்குப் போடலாம் என்று 1946-ல் அங்கே சட்டம் வந்திருந்தது. அதை நம்பி அவர் நஷ்ட ஈடு கேட்டார். தவறு ராணுவ டாக்டருடையதுதான் என்று கீழ்க்கோர்ட்டே சொன்னது. ஆனாலும் வழக்கு தள்ளுபடி! 1950 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. பணியை ஒட்டி ஏற்படும் தீங்குக்குச் சிப்பாய் வழக்குப் போட முடியாதாம். அவர்களுக்குத்தான் தனி உதவித்தொகை உண்டே என்றது கோர்ட்டு.

போர்க்களத்தில் குண்டு பாய்ந்தால் இந்த வாதம் சரி. ஆபரேஷன் மேஜை போர்க்களமா? அதே ஆஸ்பத்திரியில் சிப்பாயின் மனைவிக்கு இந்தத் தவறு நடந்தால் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். கணவர் போகக் கூடாது. இது என்ன நியாயம்?

2019-ல் வந்த சட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது. பாதிக்கப்பட்ட சிப்பாய் பாதுகாப்பு இலாகாவிடம் மனுக் கொடுத்து நஷ்ட ஈடு கேட்கலாம். கொடுப்பதா, இல்லையா என்று முடிவு செய்வதும் அதே இலாகாதான்!