தண்டனை இல்லை, வேலையும் இல்லை

வன்கொடுமைப் புகார் கொடுத்தால் மறுநாளே எதிர்ப்புகார் வரும். எஃப்.ஐ.ஆரில் படிக்கிற பிள்ளைகளின் பெயரைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பார்கள். களத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. நர்சிங் மாணவி கைதாகிறாள். வழக்கு நிற்கவில்லை, விடுதலை. பிறகு?

மத்திய அரசுப் பணிக்கான சான்றுறுதிப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது கைதானீர்களா என்பது அதில் தனிக் கேள்வி. பயந்து ‘இல்லை’ என்று எழுதினால் உண்மையை மறைத்தவள் ஆகிறாள். 2016 அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. ஆனால் உண்மையைச் சொன்னவரின் பின்னணியையும் நிர்வாகம் பரிசீலிக்கலாம், வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை என்றும் சொன்னது. அந்தப் பரிசீலனைக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. யாரைக் கைது செய்வது என்பதைச் சாதி தீர்மானிக்கும் ஊரில், கைதைப் பார்த்து ஆளை வடிகட்டுவது சாதியைப் பார்த்து வடிகட்டுவதே. தனியார் மருத்துவமனைகளிலோ காரணமே சொல்வதில்லை. ‘கூப்பிடுகிறோம்’ என்பதோடு சரி.

தோழர்களே, கைதானால் வழக்கு எண்ணைக் கையோடு குறித்துக்கொள்ளுங்கள். விடுதலைத் தீர்ப்போ, மேல் நடவடிக்கை கைவிடப்பட்ட உத்தரவோ, நீதிமன்றத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் எடுத்து வையுங்கள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி அதையும் இணையுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.