பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்

சாவுச் செய்தி சிவகாசிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பிள்ளைகளிடம் மறைக்க யாராலும் முடியவில்லை. ஆனால் வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புற்றுநோய் என்றால் மட்டும் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். "சின்னக் கட்டிதான்", "வயித்துல புண்ணு" என்று எதையோ சொல்லி, பிள்ளையை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு மதுரைக்கோ, ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கோ போய்விடுகிறோம்.

பிள்ளை மனம் நோகக் கூடாது என்றுதான் மறைக்கிறோம். ஆனால் மறைப்பதுதான் அதிகம் நோகடிக்கிறது என்பது என் கருத்து. 30 வருடத்துக்கு மேல் வாத்தியாராக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

காரணம் தெரியாத பிள்ளை, தானே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்ளும். ஆறேழு வயதில், "நான் சேட்டை பண்ணினதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு" என்று மனதுக்குள் வைத்துப் புழுங்கும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா குடித்த டம்ளரைத் தொடவே மாட்டான். ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகன் விலகிப் போவதைப் பார்த்து அந்தத் தகப்பன் பட்ட வேதனை பெரிது.

கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளைகள் கதை வேறு. சமையல், தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவது எல்லாம் அவள் தலையில். "பொறுப்பான புள்ள" என்று பாராட்டுகிறோம். அவள் எங்கே போய் அழுவாள் என்று கேட்பதில்லை. பையன்களுக்கோ அதே துக்கம் கோபமாக வெளிவரும். அதற்கும் அடிதான் கிடைக்கிறது.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நோயின் பெயரைச் சொல்லுங்கள். உன்னால் வரவில்லை, தொட்டால் ஒட்டாது என்று சொல்லுங்கள். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லுங்கள். மருந்தால் முடி கொட்டும் என்றால், கொட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கட்டாயம் குணமாகிவிடும் என்று சத்தியம் செய்ய வேண்டாம். "டாக்டர்கள் பார்க்கிறார்கள், எதுவானாலும் உன்னிடம் சொல்வோம்" என்றால் போதும். வகுப்பு ஆசிரியர் காதிலும் போட்டு வையுங்கள். மதிப்பெண் குறைந்தால் அவர் காரணம் புரிந்து நடந்துகொள்வார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கே இன்று நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்கள், பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தயங்காமல் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வைத்தியச் செலவுக்கு உதவும். பிள்ளையிடம் பேசுவதை மட்டும் நாம்தான் செய்ய வேண்டும்.

"சின்னப் புள்ள, தாங்குமா?" என்று கேட்பார்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். இப்போதும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, துணைக்கு ஆள் இல்லாமல்.