ஆடியில் ஒரு ரத்தப் பரிசோதனை

ஆடி வெள்ளிக்கிழமைகளில் படவேட்டுக்குள் வண்டி நுழைய இடமிருக்காது. ஜவ்வாது மலை அடிவாரத்து ரேணுகாம்பாள் சந்நிதிக்கு வேப்பஞ்சேலை கட்டி வருகிறவர்கள், பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வருகிறவர்கள் என்று ஊரே நிறைந்திருக்கும். அந்த மாதத்தில்தான் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. ஜூலை 28-ஆம் தேதி வரும் உலக ஹெபடைட்டிஸ் நாளும் ஆண்டுதோறும் ஆடியில்தான் விழுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்திலிருந்து கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வகை வைரஸின் தடயத்தைப் பிடித்து, அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கின் பிறந்த நாள் அது. புதுத் தம்பதி பிரிந்திருக்கும் மாதத்தில் இந்த நாளும் வருவதைப் படவேடும் சுற்று ஊர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே நம் யோசனை.

இப்போது என்ன நடக்கிறது? பெண் கருவுற்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, ரத்தம் கொடுக்கும்போதுதான் பி வகைக் கிருமி இருப்பதே தெரியவருகிறது. அதுவும் அவள் ரத்தம் மட்டும். சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, “இது எங்கிருந்து வந்தது?” என்பதுதான். கேள்வி கேட்கிறவரின் ரத்தத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. பிறக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ இந்த வைரஸ் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் தானாகவே விலகிவிடுகிறது. ஆக, 24 வயதுப் பெண்ணின் ரத்தத்தில் நாள்பட்டுத் தங்கியிருக்கும் கிருமி பெரும்பாலும் அவள் தொட்டிலில் கிடந்த காலத்தில் வந்ததாகவே இருக்கும். மாப்பிள்ளைக்கும் அதே கணக்குதான். கணவன் மனத்தில் எழுந்த சந்தேகத்துக்காகத் தலையை இழந்த ரேணுகாம்பாளைச் சிரசாகவே வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. இங்கேயாவது ஒரு சோதனைச் சீட்டை நடத்தைச் சான்றிதழாகப் படிக்கிற பழக்கம் நிற்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தமிழகத்தில் பி வகையையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில்தான் வந்தது. பி வகைத் தடுப்பூசி நாடு முழுவதும் அரசு அட்டவணையில் இடம்பிடித்ததும் ஏறக்குறைய அப்போதுதான். இன்று பெண் பார்த்து, நிச்சயம் செய்து, பிள்ளைக்குத் திட்டமிடுகிற இருபதுகளின் தலைமுறை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. தம் பிள்ளைக்குப் பிறந்தவுடன் போடப்போகிற ஊசியைத் தாம் பெரும்பாலும் போட்டுக்கொள்ளாத பெற்றோர்கள் இவர்கள். இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் நாள்பட்ட பி வகைத் தொற்றோடு வாழ்கிறார்கள் என்பது 2022-ஆம் ஆண்டு நிலவரம் குறித்த உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மிகப் பலருக்கு அது தெரியாது. கண் மஞ்சளாகாது, பசியும் குறையாது.

மஞ்சள் காமாலை வந்தால்தானே கல்லீரல் நோய் என்ற நினைப்புதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பிளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, 1988-இல் லான்செட் இதழில் கீழாநெல்லி பற்றி நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது நமக்கெல்லாம் பெருமைதான். பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் அரைத்துக் குடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

அவளுக்குச் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் ஏழு மாதம் முடிந்ததிலிருந்து, அதாவது வளைகாப்பு நாள் குறிக்கிற சமயத்தில், மருத்துவர் சொல்கிறபடி டெனோஃபோவிர் மாத்திரை. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் எதிர்ப்பொருள் ஊசி. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் வழக்கமான ஊசிகள். இவ்வளவும் நேரத்தில் நடந்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் தப்பிவிடும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த 24 மணி நேரம்தான் முக்கியம். மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வருகிற கர்ப்பிணி ஒரு வாரம் முன்பே வந்து தங்க வேண்டும் என்று செவிலியர் சொல்லும்போது குடும்பம் முணுமுணுக்கக் கூடாது.

கணவனுக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால் வேலை இன்னும் எளிது. அவள் மூன்று ஊசிகளையும் முடித்து, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ரத்தம் பார்க்கும்வரை ஆணுறை. பிறகு பிள்ளைக்கு முயலலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ தொற்றாது. சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

பிளேடு என்றதும் கோயில் நினைவுக்கு வருகிறது. காய்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் ஏழு நாள்வரை பிழைத்திருக்கும். முடி காணிக்கை மண்டபத்தில் தலைக்கொரு புது பிளேடு, காது குத்துகிறவர் கையில் பிள்ளைக்கொரு புது ஊசி என்பதைப் பக்தர்கள் கேட்டு வாங்க வேண்டும். கோயில் திருமணத் திட்டங்களில் பட்டியல் போடப்படும் சீர்வரிசையில் மணமக்கள் இருவருக்கும் தடுப்பூசி ஏன் இடம்பெறக் கூடாது? 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அந்தச் சோதனையைக் கர்ப்பிணியின் கணவனுக்கும் சேர்த்துக் கட்டாய வழக்கமாக்குவது அரசின் வேலை. முடிவை வராந்தாவில் உரக்கப் படிக்காமல் இருப்பது ஊழியர்களின் வேலை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரகசியத்தைக் காக்க 2017-இல் தனிச் சட்டம் வந்தது. பி வகைக்கு அப்படி ஒன்று இல்லை என்பதால் நாகரிகத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மற்றது மாமியார்கள் கையில். ஆடிக்குப் பெண்ணை அழைக்க வரும் சம்பந்தியிடம், “எங்க பையனுக்கும் பார்த்துட்டோம், நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்க” என்று சொல்வதில் எந்தக் கௌரவமும் குறையாது. இருவருக்கும் இல்லையென்றால் ஆடியில் முதல் ஊசி, ஆவணியில் இரண்டாவது, தையில் மூன்றாவது.