அம்மாவுக்கு விளங்காட்டி அது யாருடைய பிழை?

ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு வருகிற அம்மாக்களின் கைப்பைக்குள் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய போன். அதில் வட்ஸ்அப், வைபர். யாழ்ப்பாணம், தொரொன்ரோ, பாரிஸ் எல்லாம் அந்த இரண்டுக்குள்தான்.

கணினி படித்த எங்கள் பிள்ளைகள் சொல்வது: "வட்ஸ்அப்பை விடுங்கோ, சிக்னலுக்கு மாறுங்கோ." அம்மா மாறாவிட்டால், "இவைக்கு உதுகள் விளங்காது." அந்த இரண்டாவது வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

கொரோனா எச்சரிக்கைச் செயலி ஞாபகம் இருக்கா? 2020 யூன் 16இல் வந்தது. தரவுப் பாதுகாப்புக்கு நல்ல உதாரணம் அது. முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேமிக்கத்தான் யேர்மன் அரசு நினைத்தது. எதிர்ப்பு வந்ததும் ஏப்ரல் கடைசியில் அதைக் கைவிட்டது. பெயர் இல்லை, இருப்பிடம் இல்லை. போன்கள் புளூடூத்தால் மாறிக்கொண்டே இருக்கும் இலக்கங்களைப் பரிமாறும். ஆபத்தா இல்லையா என்று உங்கள் போனே கணக்குப் பார்க்கும். நிரலை யாரும் திறந்து வாசிக்கலாம்.

ஆனால் வந்த அன்று டொச்சும் ஆங்கிலமும் மட்டும். பிறகு துருக்கி முதலான மொழிகள் வந்தன, தமிழ் வரவேயில்லை. ஐபோன் 5எஸ், 6 வைத்திருந்தவர்கள் 2021 பெப்ரவரி வரை காத்திருந்தார்கள். அதாவது, எங்கள் பழைய போன் போய்ச் சேர்ந்த ஆட்கள். உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் நின்றவர்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய வழியில்லாதவர்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை கூடத் தேவைப்பட்டது.

"முப்பது வருஷம் இருந்தும் டொச் படிக்காதது அவையின்ர பிழை" என்பீர்கள். இரண்டு வேலை செய்து உங்களைப் படிப்பித்தவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சிக்னலுக்கு வருவோம். 2016இலிருந்து வட்ஸ்அப்பும் சிக்னலின் பூட்டைத்தான் பாவிக்கிறது. வித்தியாசம் வேறு இடத்தில். "இருமுனை மறைகுறியாக்கம்" என்று அம்மாவிடம் சொன்னால் அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். இப்படிச் சொல்லுங்கள்: "கடிதத்தை ஒருத்தரும் உடைச்சு வாசிக்கேலாது. ஆனா ஆர் ஆருக்கு எப்ப போட்டது எண்டு வட்ஸ்அப் தபாற்கந்தோரில குறிக்கலாம். சிக்னல் அதைக் குறிச்சு வைக்கிறேல்லை." ஊரில் தம்பி இருக்கிற ஒருவருக்கு இது ஏன் முக்கியம் என்று நீங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்தான் உங்களுக்கு விளங்கப்படுத்துவார். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இலங்கை அரசு வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியபோது, யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இலவச விபிஎன்களைத்தான் பலர் இறக்கினார்கள். நல்லதை முதலே யாரும் கையில் கொடுத்திருக்கவில்லை.

அம்மாவின் முதல் கேள்வியும் பூட்டைப் பற்றியது இல்லை. "போன் துலைஞ்சா பேரப்பிள்ளையின்ர படங்கள் என்னாகும்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத செயலி, எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், அவருடைய போனில் இருக்காது. அந்தப் பதிலைச் செய்கிறவர்களிடம் கேட்பது எங்கள் வேலை. சும்மா தலையில் அடித்துக்கொள்வது இல்லை.

உங்களில் சிலர் டோர்ட்முண்டிலும் ஆகனிலும் இதைத்தான் படிக்கிறீர்கள். நீங்கள் செய்யும் செயலியை வெளியிடமுதல் அந்தப் பழைய போனில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள், போனைப் பறிக்காதீர்கள். அவருடைய விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.